அண்ணனும் நானும் வாதிட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் அண்ணன் மனம் மாறி, இயேசுவின் பெயரைச் சொல்லிக் கண்மூடினார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. அப்போது பக்கத்தில் இருந்தவன் நான். சபைக்குப் போகிற நானே இதை எழுதுகிறேன்.

அண்ணன் நாகலாபுரத்தில், மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் விதைத்த குடும்பத்தில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. படிப்பை நிறுத்திவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்து வயரிங் வேலை பழகினார். பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்து வந்து காப்பாற்றினார். கழுகுமலைப் பக்கம் அவர் வேலை செய்த வீடுகளில், எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று சுவிட்ச் பெட்டிக்குள் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். அடுத்து வேலைக்கு வருகிறவன் ஷாக் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக.

இருபது வயதிலேயே கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அதைச் சொல்லி யாரையும் புண்படுத்தியதில்லை. அம்மாவைக் குலதெய்வக் கோவிலுக்கு அவரே கூட்டிப்போய், வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார்.

நான் வேறு வழியில் போனேன். தீப்பெட்டி ஆலையில் வேன் ஓட்டிய காலத்தில் குடியில் விழுந்தேன். ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு அதை விட்டேன். ஞானஸ்நானம் பெற்றதும் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காரணம் கேட்டார். இயேசுதான் என்னைக் குடியிலிருந்து மீட்டார் என்றேன்.

"குடிய விட்டது சந்தோஷம்லே. ஆனா கோவில்ல கயிறு கட்டி விட்டவனும் இருக்கான், சாமியே இல்லன்னு சொல்லி விட்டவனும் இருக்கான். உன் காரணம் அவனுக்கும் பொருந்துதுல்லா?"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போய், கடவுள் இல்லை என்பதற்கு அவருடைய காரணத்தைக் கேட்டேன். தேவ ஊழியம் செய்கிறேன் என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்களை அடுக்கினார். வயரிங்கைத் தப்பாகச் செய்கிற ஒருத்தன் இருந்தால் கரண்டே பொய்யாகிவிடுமா என்று கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டார். அந்தக் காரணத்தை அன்றோடு விட்டுவிட்டார். நானும் என் குடிக்கதையை வாதத்துக்கு இழுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதிலிருந்து, எதிர்ப்பக்கத்துக்காரனும் சொல்லக்கூடிய காரணத்தை நாம் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ரெண்டு பேரும் சேர்ந்து என் சாமிய அம்போன்னு விட்டுட்டிகளே என்று அம்மா அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

இப்படியே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. எனக்கு ஒன்று மிஞ்சியது. இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது பயந்து ஓடிய சீடர்கள், அவர் உயிர்த்தெழுந்ததைக் கண்டோம் என்று சொல்லி உயிரையே கொடுத்தார்களே, தாங்கள் கட்டிய பொய்க்காக யாராவது சாவார்களா என்பது. மனிதர்கள் தவறாகப் பார்ப்பதும் உண்டே என்பார் அண்ணன். ஆனாலும் அதைத் தள்ளிவிடாமல் யோசிப்பார். அவருக்கு மிஞ்சியதும் ஒன்று. உண்மையாகவே தேடினேன், எதுவும் தட்டுப்படவில்லை, நேசிக்கிற கடவுள் தேடுகிறவனுக்கு எதற்காக ஒளிந்திருக்க வேண்டும் என்பது. அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

நடுவில் அண்ணனுக்கும் மதினிக்கும் பெரிய இழப்பு வந்தது. நாலு வயது மகன் காய்ச்சலில் போய்விட்டான். துக்கம் கேட்க என்னுடன் வந்த சபைக்காரர் ஒருவர், பிள்ளையை எடுத்ததிலும் தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கும், இனியாவது நம்புங்கள் என்றார். மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அந்தச் சபைக்காரரை வெளியே அழைத்துப்போய், இனி இந்த வீட்டில் அப்படிப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அண்ணனின் தோழர் ஒருவரோ, இதைவிட வேறு சாட்சி வேண்டுமா, கடவுள் இல்லை என்பதற்கு என்றார். அண்ணன் அதையும் விரும்பவில்லை. எல்லோரும் போனபின் என்னிடம் சொன்னார்:

"சாமி இல்லன்னு எம் மவன் பொறக்கதுக்கு முந்தியே சொன்னவன் நான். எம் பிள்ளைய ரெண்டு பக்கத்துக்கும் சாட்சியா இழுக்க வேண்டாம்லே."

நாங்கள் இழுக்கவில்லை. அதன் பிறகு எங்கள் பேச்சில் குரல் உயர்ந்ததாக நினைவில்லை.

போன ஆண்டு சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுத்தார். பலவீனமாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று சபையில் சிலர் என்னை நெருக்கினார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மறைக்க முடியாமல் அவரிடமே சொன்னேன்.

"நீ ஜெபம் பண்ணிக்கோ. அதுல உனக்கு ஆறுதல் இருக்கு, நான் தடுக்கலை. ஆனா நான் மாறிட்டேன்னு மட்டும் ஊர்ல சொல்லிராத."

கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, ஒரு பகலில், என் ஜெபத்தைக் கேட்டபடியே அமைதியாகப் போனார். கேட்டார், அவ்வளவுதான். அண்ணன் நரகத்துக்குப் போனார் என்று நான் நம்பவில்லை. உண்மையாகத் தேடியவரைத் தேவன் கைவிடமாட்டார் என்பது என் நம்பிக்கை. என் போதகரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனின் விருப்பப்படி கண்களைத் தானமாகப் பெற உடனே வந்த மருத்துவர்களுக்கும், சடங்கில்லாத இறுதி ஊர்வலத்தில் முகம் சுளிக்காமல் கடைசிவரை நடந்த நாகலாபுரத்துச் சொந்தங்களுக்கும், மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், மதினி சார்பிலும் எங்கள் குடும்பத்தின் சார்பிலும் நன்றி சொல்கிறேன்.

போன ஞாயிறு மதியம் அண்ணன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. "அப்பா சொன்னத நான் சொல்ல வரலை சித்தப்பா. சாமி இல்லங்கதுக்கு எனக்கு வேற காரணம் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தாள். இருட்டும்வரை பேசினோம். சீடர்களைப் பற்றிய என் காரணத்தில் ஓர் ஓட்டை காட்டியிருக்கிறாள். வருகிற ஞாயிறுக்குள் நான் பதில் கண்டுபிடிக்க வேண்டும்.