உப தலைவரின் பாரியார்

புதன்கிழமையே தனேஸ்வரி நிறத்தை அனுப்பிவிட்டாள். 'மயில் கழுத்து நீலம், அரக்குக் கரை' என்று எழுதி, சேலையைக் கட்டிலில் விரித்துப் படமும் எடுத்து, கணவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டாள். விழா என்றால் இவள் முன்கூட்டியே சேலையின் நிறத்தைச் சொல்லவேண்டும், அவர் அதற்குப் பொருத்தமான சட்டையோடு வரவேண்டும். சிட்னியில் எத்தனையோ தம்பதிகள் இப்படித்தான் நிறம் சேர்த்து உடுத்துகிறார்கள். என்ன, மற்றவர்கள் ஒரே அலுமாரியில் இருந்து எடுத்து உடுப்பார்கள். தனேஸ்வரியின் சேலைகள் வென்ற்வேத்வில் வீட்டில் இருந்தன. ஈஸ்வரமூர்த்தியின் சட்டைகள் கெல்லிவில்லில், வேறொருத்தியின் வீட்டில் தொங்கின.

அவர் உப தலைவராக இருக்கும் தமிழ் மன்றத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் முன்பே தெரிந்திருக்கும், அவ்வளவு வாய் அந்த மன்றத்துக்கு.

மன்றத்தின் யாப்பை, அந்தச் சட்டப் புத்தகத்தை, தலைகீழாகப் புரட்டினாலும் உப தலைவரின் பாரியார் என்று ஒரு சொல் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் வேலை எழுதி வைத்திருக்கிறார்கள். உப தலைவருக்கே 'தலைவர் இல்லாதவிடத்து' என்று ஒரே ஒரு வரிதான். அவருடைய மனைவிக்கு எங்கே இருக்கப்போகிறது? ஆனால் எழுதாத வேலைக்குத்தான் ஓய்வே இல்லை. பாடசாலை மண்டபத்தைக் கெஞ்சி வாங்கி விழா வைத்த ஆரம்ப காலத்தில், முதல் உப தலைவரின் மனைவி விஜயா அன்ரி குசினியை விட்டு வெளியே வந்ததே இல்லை. பழைய படங்களில் தேடினால் அவருடைய முழங்கை மட்டும் ஒரு மூலையில் தெரியும். அடுத்தவர் பன்னீர்ச் செம்போடு வாசலுக்கு வந்தார். அதற்கும் அடுத்தவர் ஒரு டொக்டர். தட்டம் தூக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு முன்வரிசைக் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார். அந்தக் கதையைச் சனம் இன்னும் விடவில்லை. ஒருமுறை நாகலட்சுமி என்ற பெண்ணே உப தலைவராகிவிட, அவருடைய கணவரை என்னவென்று அழைப்பது, எங்கே இருத்துவது என்று செயற்குழு கூடிக் கூடிப் பேசியது. பாவம் மனிதர், தானாகவே வெளியில் போய் நின்று கார்களுக்கு இடம் காட்டினார்.

இத்தனை பேர் வந்து போயும் மாறாதது விளக்கேற்றுகிற முறை மட்டும்தான். முதல் திரி தலைவர் தம்பதிக்கு, இரண்டாவது உப தலைவர் தம்பதிக்கு. மெழுகுதிரியை மனைவி பிடிக்கவேண்டும், கணவன் அவள் கைக்கு மேல் தன் கையை வைக்கவேண்டும், இருவருமாகச் சேர்ந்து ஏற்றவேண்டும். எந்தப் புண்ணியவான் கொண்டுவந்த வழக்கமோ, தனேஸ்வரி அவரை மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் பொய்யில்லை.

அவள் கலியாணமாகித்தான் சிட்னிக்கு வந்தவள். அவர் மாணவராக வந்து, படித்துப் பொறியியலாளராகியிருந்தார். அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்குப் போனாள். முதியவர்களைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டிய அதே கையால் வீட்டுக்கு வந்து சமைத்தாள். மகள் சயந்தினியை வளர்த்தாள். அவர் மன்றத்தில் உப தலைவரான அந்தக் குளிர்காலத்திலேயே, ஒரு ஞாயிறு காலை, குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, தான் வேறு வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். வேலையிடத்தில் ஒருத்தியாம். அவர் சத்தம் போடவில்லை, இவளும் போடவில்லை. ஒரேயொரு உதவி கேட்டார். பதவிக்காலம் முடியும்வரை இது வெளியில் தெரியக்கூடாது, சனம் சிரிக்கும் என்றார்.

தனேஸ்வரி உடனே சம்மதித்தாள். தன் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று அவர் நினைத்தார். அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று சயந்தினி நினைத்தாள். இரண்டும் இல்லை. பொங்கல் விழா, சித்திரை விழா, விளையாட்டுப் போட்டி, வாணி விழா, முத்தமிழ் விழா என்று அவள் அந்தக் கதிரையிலேயே எண்ணிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் வந்துதான் தீரவேண்டும். வந்தால் பக்கத்தில் இருந்துதான் தீரவேண்டும்.

அதற்கென்று ஓர் ஏற்பாடும் வந்தது. மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நூலகத்தின் பின்பக்கம் அவள் தன் காரை நிறுத்திவிட்டு, அவருடைய காரில் ஏறிக்கொள்வாள். மண்டபம் வரைக்கும் ஒரு சின்ன ஓட்டம். குசினிக் குழாய் ஒழுகுகிறது என்பாள். ஆளைக் கூப்பிட்டுத் திருத்தும் என்பார். அடுத்த விழாவுக்கும் ஒழுகுகிறது என்பாள். குழாயைத் திருத்த அவளுக்குத் தெரியாமலில்லை. திருத்திவிட்டால் பிறகு எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது? இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் அவளைப் பார்த்தால் அந்தக் கோபம் நிற்காது.

இந்த வருடம் தலைவர் சடகோபனின் காலம் முடிகிறது. உப தலைவர் அடுத்த தலைவராவது வழக்கம். தலைவரானால் இன்னும் இரண்டு வருடம். வேறு மன்றங்களின் அழைப்புகளும் வரும், கலியாண வீடுகளும் வரும், எல்லாவற்றுக்கும் தம்பதியாய்த்தான் போகவேண்டும். தனேஸ்வரி முழுமூச்சாக இறங்கினாள். செயற்குழுவில் ஒருவர் வீடு விடாமல் போனாள். வேலை முடிந்து வந்த கையோடு உருளைக்கிழங்கு வைத்து றோல்ஸ் சுற்றினாள், ஹரிஸ் பார்க் கடையில் இனிப்பு வாங்கி அடுக்கினாள், எல்லோரிடமும் 'இவருக்கு மன்றமெண்டால் உயிர்' என்றாள். இது கலியாணமில்லை, நாடகம், நிப்பாட்டுங்கள் என்று சயந்தினி ஆங்கிலத்தில் அழுதாள். தாய் அடுத்த றோலைச் சுற்றினாள்.

சனிக்கிழமை, முத்தமிழ் விழா. நூலகத்தின் பின்பக்கம் அவர் ஏற்கனவே வந்து நின்றார். மயில் கழுத்து நீலத்தில் சட்டை. அதைக் கண்டதும் அவள் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இந்த நிறத்தைத் தேடிக் கடைக்குப் போயிருப்பார், அப்படியென்றால் தன்னை நினைத்திருப்பார் என்று ஒரு பேதைக் கணக்கும் போட்டாள். ஏறி இருந்து குழாயைப் பற்றித் தொடங்கமுன், அவர் காரை எடுக்காமல் முன்னால் பார்த்தபடி பேசினார்.

"நான் தலைவருக்கு நிக்கேல்லை, தனம். சடகோபனுக்குச் சொல்லிப் போட்டன். இண்டையோட காணும், போதும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விவாகரத்துக்கு எழுதிப் போடப்போவதாகவும், ஆட்களுக்கு மெல்ல மெல்லத் தானே சொல்லப்போவதாகவும், இந்த ஒளிச்சு விளையாட்டு இனித் தன்னால் ஏலாது என்றும் அவர் சொல்லிக்கொண்டு போனார். இதையெல்லாம் மரியாதையாகவே சொன்னார். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

"வீட்டுக்கு வாங்கோ எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லையே," என்றாள் தனேஸ்வரி. "விழாவுக்கு மட்டும் வாங்கோ. அது போதும் எனக்கு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் ஏன் சம்மதித்தாள் என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிக் காரை எடுத்தார்.

மண்டபத்தில் எல்லோரும் வழக்கம்போல வரவேற்றார்கள். என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்று நீலத்தைப் புகழ்ந்தார்கள். தனேஸ்வரி சிரித்தாள். அவளுக்கு அது பழகிய வேலை. தலைவர் தம்பதி முதல் திரியை ஏற்றி ஒதுங்கினார்கள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில், "அடுத்து, எங்கள் உப தலைவர் திரு ஈஸ்வரமூர்த்தியும் அவரது பாரியாரும்" என்று அழைத்தார். நாதஸ்வர ஒலிப்பதிவு முழங்கியது.

அவள் மெழுகுதிரியை வாங்கிப் பிடித்தாள். அவர் தன் கையை அவள் கைக்கு மேல் வைத்தார். அதே சூடு. பெருவிரலில் அதே பழைய தழும்பு. பிள்ளையின் கட்டிலைப் பொருத்திப் பூட்டும்போது வெட்டிய தழும்பு, அன்றைக்கு அவள்தான் துணி கிழித்துக் கட்டினாள்.

அவள் சுடரைத் திரிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தொடவில்லை. ஒரு மயிரிழை இடைவெளியில் பிடித்தபடி நின்றாள். திரி பற்றாமல் அவர் கையை எடுக்க முடியாது. முன்வரிசையில் பிரமுகர்கள் இருந்தார்கள், ஊரே கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. உருகிய மெழுகு அவள் விரலில் விழுந்தது. சுட்டது. அவள் அசையவில்லை. அடுத்த சொட்டு அவர் விரலில் விழுந்தது. அவர் கை ஒருமுறை துடித்தது, ஆனால் எடுக்கவில்லை, எடுக்கவும் இயலாது. நாதஸ்வரம் முடிந்துபோயிற்று. பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"கொளுத்துமன், தனம்," என்றார் அவர் உதடசையாமல்.

அவள் கொளுத்தவில்லை. என்றைக்கும் கொளுத்தாமல் இப்படியே நின்றுவிட்டால் என்ன என்று நினைத்தாள். சனம் எழும்பிப் போகட்டும், மண்டபத்தைப் பூட்டட்டும், இந்தக் கை மட்டும் இருந்தால் போதும். கடவுளே, இது மட்டும் போதும் என்று கேட்டாள். கண்ணீர் வந்து சுடர் இரண்டாகத் தெரிந்தது.

தலைவரின் மனைவி பத்மா தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனுஷி. தர்மசங்கடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்கு வராது. தன் கையில் இன்னும் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியோடு இரண்டடி முன்னே வந்தார்.

"திரி எண்ணெயில நன்னா ஊறிடுத்து போல, மிஸஸ் மூர்த்தி. இருங்கோ, நான் ஏத்திடறேன்."

ஏற்றியும் விட்டார். இரண்டாவது திரி பட்டென்று பற்றிக்கொண்டது. சபை நிம்மதியாகக் கை தட்டியது. ஈஸ்வரமூர்த்தி கையை எடுத்து, விரலில் காய்ந்திருந்த மெழுகை உரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார்.

தனேஸ்வரி இறங்கவில்லை. மெழுகுதிரியைப் பிடித்த கையை அப்படியே நீட்டியபடி நின்றாள். மூன்றாவது திரிக்கு அழைக்கப்பட்ட செயலாளரும் அவர் மனைவியும் வந்து, அவள் விலகுவாள் என்று பக்கத்தில் காத்து நின்றார்கள்.