பாறையில் கட்டப்பட்டவள்

லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் குடியிருக்கும் டொலறஸ், அந்நகரின் ஓர் ஓவியக் காட்சியகத்தில் பதினொரு வருடங்களாகக் காவல் வேலை பார்க்கிறார். அங்கே ஒல்லாந்து ஓவியங்கள் இருக்கும் அறை என்றால் மட்டும் அவருக்குப் பயம். அதில் ஒரு பழைய கிரேக்கக் கதைப் படம் தொங்கியது. கடற்பூதத்துக்குப் பலியாக இளவரசி அந்திரோமேடாவைப் பாறையில் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். காலடியில் கடல் கறுப்பாக எழும்புகிறது.

டொலறஸ் எட்டு வயதில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குத் தப்பியபோது, படகோட்டி அவருடைய குடும்பத்தை நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மீன்பிடிப் படகொன்று வந்து ஏற்றும்வரை தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அதனால் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினார். தடுப்புக் கயிற்றைத் தாண்டிய ஒருவன், படத்திலிருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே கத்தியை ஓங்கியிருந்தான். ஓடிவிடத்தான் நினைத்தார். கால்கள் கத்திக்கும் படத்துக்கும் நடுவே போய் நின்றன.

"எடடா கையை!" என்று தமிழில் அலறினார்.

அவன் திகைத்து நிற்க, பக்கத்து அறைக் காவலரான இலங்கைத் தமிழர் பீற்றர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

"என்னக்கா, உங்களுக்குப் பயமில்லையோ?" என்றார் பீற்றர்.

"பயம்தான் தம்பி. இப்பவும் நெஞ்சு இடிக்குது. கட்டி வச்ச பிள்ளையை விட்டிட்டு ஓட ஏலாமல் போச்சு."

வேறு அறை வேண்டுமா என்று மேலாளர் கேட்டார். டொலறஸ் உடனே சம்மதித்தார். புது அறையிலும் யாராவது பின்னால் நடந்தால் திடுக்கிட்டுத் திரும்பினார்.