முனீஸ்வரர் கடல் கடந்த காலை

காலை 7.10. மலேசியாவின் பட்டர்வொர்த் படகுத் துறையில் முதலில் கண்ணில் பட்டது, மஞ்சள் துணி சுற்றிய ஒரு பித்தளைக் குடம். வாயில் மாவிலை, தேங்காய். அதை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். எதிரே பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் படகில் கால்மணி நேரம். கட்டணம் இரண்டு மலேசிய வெள்ளி. உள்ளே இருக்கைகள் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. குடத்தைச் சற்றுக் கீழே வைக்கலாமே என்றேன்.

“வைக்கக் கூடாதுண்ணே. வச்ச எடத்துல உக்காந்துருவாரு. அப்புறம் தெனமும் பெர்ரி டிக்கெட் எடுத்துத்தான் கும்பிடணும்லா.”

அவர் பெயர் லெட்சுமி. உடன் வந்தவர் கணவர் சேகர், தொழிற்சாலை ஊழியர். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் சேகர் பிறந்த ரப்பர்த் தோட்டம் இப்போது தொழிற்பேட்டை. அங்கே மிஞ்சியிருந்த முனீஸ்வரர் கோவிலை மறுநாள் அகற்றுகிறார்கள். சேகரின் பாட்டனார் நாமக்கல் பக்கமிருந்து பிடிமண் கொண்டுவந்து எழுப்பிய கோவில் அது. விடியற்காலையில் பூசாரி மந்திரம் சொல்லி, சாமியைக் குடத்து நீரில் இறக்கிக் கொடுத்திருக்கிறார். சூலம் சாக்கில் சுற்றி சேகரின் தோளில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஓரிடத்தில் அமர்த்தியாக வேண்டும்.

8.15. நகரக் கோவில் ஒன்றில் மதிலோரம் இடம் தயாராக இருந்தது. குருக்கள் கும்பகோணத்துக்காரர், வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்.

“இடம் இருக்கு. ஆனா கோழி, சாராயம், சுருட்டு இதெல்லாம் இங்க கிடையாது. சைவமா இருக்கறதா இருந்தா வைக்கலாம்.”

“வீடு மாறினா சோத்தையும் மாத்தணுமா, ஐயரே?” என்றார் லெட்சுமி.

ஆகமம் அப்படித்தான் என்று குருக்கள் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கே கொண்டுபோனால் என்ன என்று சேகரிடம் கேட்டேன். அவர்கள் இருப்பது பதினான்காவது மாடியில். காவல் தெய்வம் வாசலுக்கு வெளியே, மண்ணில் நிற்க வேண்டியவர். அடுக்குமாடியில் மண் ஏது என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“இங்க இருந்தா, எந்திரின்னு அவர யாரும் சொல்ல மாட்டாங்க.”

 9.40க்கு லெட்சுமி குடத்தை நீட்டினார். குருக்கள் வாங்கிக்கொண்ட பிறகும் லெட்சுமியின் கைகள் அதே வளைவில் நின்றன. சூலத்தை நட்டு, நீரை அதன்மேல் ஊற்றினார்கள்.

“கோவிச்சுக்க மாட்டாருல்ல?” என்று லெட்சுமி கேட்டார்.

சேகர் சூலம் சுற்றியிருந்த சாக்கை உதறி மடித்தார்.

11.30. முனீஸ்வரருக்கு முதல் படையல் வைத்தார்கள்: சர்க்கரைப் பொங்கல்.