வீட்டுக்கு வரக் கூடாத பூ

அந்தத் தெருவில் பூக்காரர் வீடு எது என்று கேட்டால் கறிக்கடையைத்தான் காட்டுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் நம்பிப் போய் ஏமாந்திருக்கிறார்கள். நாலு ரோஜா வாங்கலாம் என்று போனால், கொக்கியில் இரண்டு தொடை தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் முழங்கை வரை ரத்தத்தோடு மலை மாதிரி ஓர் ஆள் நின்று, "எத்தனை கிலோ?" என்பார்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அது சுத்தப் பொய். இவருக்குப் புத்தி நிறையவே உண்டு, என்ன, ஆத்திரம் வந்து, அடித்து, அடிபட்டவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அது மெல்ல எட்டிப் பார்க்கும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யாரையும் தொட்டதில்லை. கோபம் தலைக்கேறினால் முதல் காரியமாக வெட்டுக்கத்தியைக் கட்டையில் ஓங்கி இறக்குவார். கத்தி அங்கேயே குத்தி நிற்கும், கை காலியாகிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் கடை வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வரும்.

பூ வந்து சேர்ந்தது கல்யாணமான ஆறாவது மாதத்தில். மனைவியின் தம்பி, அதாவது அவருடைய மச்சினன், கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தை வளைத்துக்கொண்டு வந்தான். சக்கரம் வளைந்ததற்கு மச்சினனின் முன்பல் இரண்டு போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்க, விரலிடுக்கில் ரத்தம் ஒழுக, வீட்டுக்கு வந்த பெரியவர்கள் வழக்கம்போல் ஆரம்பித்தார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும், மாமன் அடித்தால் உரிமை, அது இது என்று. மனைவி எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லிச் சொல்லியே எங்கம்மா காலத்தைத் தள்ளினாங்க. அணைக்கிற கை எதுக்குங்க முதல்ல அடிக்கணும்? அதை ஒருத்தரும் கேக்கலை. நான் கேக்கறேன்."

மலை மாதிரி ஆள், ஈரத்துணி மாதிரி நின்றார்.

"இனிமே யாரை அடிச்சாலும் மறுநாள் காலைல நீங்களே பூ வாங்கிட்டுப் போகணும். ஆள் அனுப்பக் கூடாது. அவங்க வாசல்ல நின்னு, நாலு பேர் கேக்கற மாதிரி, நான் அடிச்சேன், தப்புன்னு சொல்லணும். அவங்க வாங்கிக்கற வரைக்கும் நகரக் கூடாது."

"சரி."

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. இந்த வீட்டுக்கு நீங்க பூ எடுத்துட்டு வர்ற அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

அதற்கும் சரி என்றார். மறுநாளே மாமியார் வீட்டு வாசலில், வீங்கிய வாயோடு நின்ற மச்சினன் முன்னால், கையில் ரோஜாக்கொத்தோடு அவர் நின்றார். மச்சினன் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துத்தான் வாங்கிக்கொண்டான். பல் போனவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அப்போது ஆரம்பித்தது. தெருக்கோடியில் பூக்கடை வைத்திருந்த அக்காதான் பருவத்துக்குத் தக்கபடி கட்டிக் கொடுப்பாள். வெயில் காலம் வந்தால் அவளுக்கு இவர் தினசரி வாடிக்கை மாதிரி, ஏனென்றால் வெயில் ஏற ஏற இவர் கையும் ஏறும். மீட்டர் பார்க்க வந்தவன் கடைக்குள் செருப்போடு வந்தான் என்று ஒரே அறை. அவன் விழுந்து, கொக்கியில் காது கிழிந்து, ஆறு தையல். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சூரியகாந்திக் கொத்தோடு நின்று, "நான் அடிச்சேன், தப்பு" என்றபோது, நர்ஸ் பாவம், யாரோ நெருங்கிய சொந்தம் என்று நினைத்து உட்கார நாற்காலி போட்டாள்.

மழைக்காலத்தில் சம்பங்கி. அப்படி ஒரு மழையில்தான் லாரி டிரைவரோடு நடந்தது. சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போன லாரியை நிறுத்தி, டிரைவரைச் சட்டையோடு கீழே இழுத்தார். டிரைவர் இளைத்தவனில்லை. இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். இவர் அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்க, அவன் இவர் கட்டைவிரலைக் கடித்து எலும்பைப் பார்த்துவிட்டான். பிரித்துவிடப் போன மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு காயம். மறுநாள் ஒரு கண் மூடியபடி, கட்டுப்போட்ட கையில் சம்பங்கியைப் பிடித்துக்கொண்டு போனார். டிரைவர் பூவை வாங்கினான், அதாலேயே அவர் முகத்தில் மாறி மாறி அறைந்தான், தண்டுதான் மிச்சம். அவர் நகரவில்லை. அடித்து முடித்துவிட்டு அவனே களைத்துப்போய், "போய்யா, போய்த் தொலை" என்றான்.

பனிக்காலத்தில் சாமந்தி. அதை அதிகம் வாங்கியவர் தையல்காரர். கால்சட்டையை இரண்டு விரற்கடை குட்டையாகத் தைத்ததற்கு ஓர் அறை, அதைச் சரிசெய்கிறேன் என்று இன்னும் குட்டையாக்கியதற்கு இன்னோர் அறை. அந்த மனிதர் ஊதினால் பறக்கிற உடம்பு, வாய் மட்டும் ஏழூர் நீளம். மூன்றாம் தடவை, கறிக்கடையில் இவர் கத்தியைக் கட்டையில் இறக்கிவிட்டு முறைத்தபோது, "அண்ணே, அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்தநாள். கொஞ்சம் மெதுவா அடிச்சிட்டு, கொத்தைக் கொஞ்சம் பெருசா கட்டச் சொல்லுங்க" என்றார். கடையே சிரித்தது. இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டையில் குத்தி நின்ற கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

தெருப்பேச்சில் "அவனுக்குப் பூ வந்துச்சாம்" என்றால் உதை வாங்கினான் என்று அர்த்தம். அடங்காத பிள்ளைகளைத் தாய்மார்கள் "பூ வேணுமா?" என்று மிரட்டினார்கள். ஊருக்கெல்லாம் பூ கொடுக்கிற மனுஷன் பொண்டாட்டிக்கு ஒரு இதழ்கூடக் கொடுக்கவில்லையே என்று விவரம் தெரியாத ஒருத்தி பரிதாபப்பட்டபோது, அவர் மனைவி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "எங்க வீட்டுக்குப் பூ வராததுதாங்க எனக்குப் பெருமை."

அவருக்கும் அதுதான் பெருமை. வாசலில் நின்று நின்று கூசிப்போய், வருஷத்துக்கு வருஷம் கொத்து குறைந்தது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் மேல் விரல் பட்டதில்லை. ஒரு வெயில் முழுக்க ஒருத்தரும் அடி வாங்கவில்லை. "என்ன தம்பி, இந்த மழைக்கும் ஒண்ணும் கிடையாதா?" என்று பூக்கடை அக்கா வருத்தப்படுகிற மாதிரி கேட்டாள். அவர் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். இருபத்திரண்டு வருஷம். இனிமேல் எனக்குக் கோபமே வராது என்று அந்த மனுஷன் நம்பிவிட்டார். நம்பியதுதான் கேடு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம். ஒரு கிழவர் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு எடை குறைகிறது என்றார். இவர் இல்லை என்றார். கிழவர் குறைகிறது என்றார். சாவி கொடுக்க வந்த மனைவி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "பெரியவர் சொல்றாரில்ல, இன்னொரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கத்தி கட்டையில் இறங்கியது. கூட்டம் விலகியது. அவள் விலகவில்லை. அந்தச் சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இருபத்திரண்டு வருஷமாக இருந்தவள் அல்லவா? அவர் கை இடது காதோடு சேர்த்துக் கன்னத்தில் விழுந்தது. அவள் தராசின் மேல் சாய்ந்து, தட்டோடு கீழே வந்தாள். உதடு பல்லில் கிழிந்து மோவாயில் ரத்தம் வழிந்தது. ஆட்டு ரத்தம் தோய்ந்த தரையில் அது தனியாகத் தெரியக்கூட இல்லை.

அவள் தானாக எழுந்தாள். தராசை எடுத்து வைத்தாள். கிழவரின் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போட்டாள். குறைந்தது. ஒரு துண்டு எடுத்துச் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை சரியா இருக்கும், பெரியவரே" என்று சொல்லி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாலையில் மகள் வந்து பார்த்தாள். "என்னம்மா இது?"

"உங்கப்பாவைக் கேளு."

மீட்டர்காரனிடமும் லாரி டிரைவரிடமும் நெஞ்சை நிமிர்த்தித் தப்பை ஒப்புக்கொண்ட மனுஷன், பெற்ற மகளின் முகத்தைப் பார்த்து, "கடையில வழுக்கி விழுந்துட்டா" என்றார்.

"வழுக்கி விழுந்தா கன்னத்துல அஞ்சு விரல் பதியுமாப்பா?"

காது ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆறலாம், ஆறாமலும் போகலாம்.

மறுநாள் காலை அவர் பூக்கடை வரை போனார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள், தெரிந்துவிட்டது என்பது பார்வையிலேயே இருந்தது. "யாருக்கு?" என்ற வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவர் வாளியில் இருந்த ரோஜாவைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போனால் மனைவி போய்விடுவாள். எடுத்துக்கொண்டு போகாவிட்டால்? சொன்னது பூ வருகிற அன்றைக்குப் போவேன் என்றுதானே? வராவிட்டால் இருப்பாள். இத்தனை வருஷமும் தாமதமாகவே வந்த புத்தி அன்று இந்தத் திருட்டுக் கணக்கோடு சீக்கிரமே வந்து நின்றது. வெறுங்கையோடு கடைக்குப் போய், சாயங்காலம் வரை எலும்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, தலைவாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் பின்பக்கக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்தார். சொந்த வீட்டுக்குத் திருடன் மாதிரி.

மறுநாளும் நாற்காலி. அன்று மாலை அவளே உள்ளே வந்து கேட்டாள். "பூ எங்கங்க?"

"கொண்டு வந்தா நீ போயிடுவே."

"போவேன்."

"அப்போ கொண்டு வரமாட்டேன்."

அவள் நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "செருப்போட கடைக்குள்ள வந்தவனுக்குக் கொடுத்தீங்க. சேத்தை அடிச்சவனுக்குக் கொடுத்தீங்க. அவங்களுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லையா?"

அவர் சுவரில் ஓங்கிக் குத்தினார். விரல் மூட்டுத் தோல் உரிந்தது, காரை உதிர்ந்தது. அவள் துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலை மகள் வழிமறித்தாள். "அம்மா உங்களுக்காக உட்காரலை. தெருவுல ஒருத்தர் விடாம, ஏன் இன்னும் பூ வரலைன்னு பாக்கறாங்க. அதைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்காங்க. எவ்வளவு கேவலமா இருக்குன்னு தெரியுதா? நீங்க கோழைப்பா."

கை மேலே போய்விட்டது. தோளுக்கு மேல், விரல் விரிந்து, அவர் கேட்காமலே. மகள் கண்ணை மூடவில்லை, பின்வாங்கவும் இல்லை.

"அடிங்க. ஆனா ரெண்டு கொத்தா வாங்கிடுங்க."

தன் கையை அவர் அண்ணாந்து பார்த்தார். இந்த வீட்டில் இனி அது எத்தனை தடவை எழும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பூ வாங்காமல் இருந்த இரண்டு நாளில் அதற்குத் துணிச்சல் வந்திருந்தது. மெல்லக் கீழே இறக்கினார்.

அது வெயில் தொடங்கும் சமயம். சூரியகாந்தி வந்துவிட்டது. அக்கா பேசாமல் கட்டிக் கொடுத்தாள். பட்டப்பகலில் தெரு நடுவே அவர் நடந்தார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார், அவ்வளவு வாய் இருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. பொடிசுகள்கூட ஓடவில்லை. மகள் ஒரு பெட்டியையும் ஒரு பையையும் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள். மனைவி எழுந்து நின்றாள்.

"நான் அடிச்சேன்" என்றார். குரல் தெருக்கோடி வரை கேட்டது. "தப்பு."

அவள் உடனே வாங்கவில்லை. மச்சினன் நிற்க வைத்ததைவிட அதிக நேரம் நிற்க வைத்தாள். அவர் நகரவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை, துடைக்கக் கை காலியாக இல்லை. கடைசியில் அவள் இரண்டு கையாலும் கொத்தை வாங்கிக்கொண்டாள்.

"அழாதீங்க. நீங்க அழுதா எனக்கு நிக்கணும்னு தோணும். நான் நிக்கப் போறதில்லை."

பூவோடு படியிறங்கினாள். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தெருமுனை திரும்பும் வரை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் சமாதானம் பேச வரவில்லை. வராததுதான் சரி.

வாங்கிக்கொண்டவர்கள் கதவைச் சாத்தியதும் திரும்பி வீட்டுக்கு நடப்பது இத்தனை வருஷமாக அவருக்கு வழக்கம். அப்படியே திரும்பினார். இரண்டடி வைத்த பிறகுதான் வீடு முதுகுக்குப் பின்னால் இருப்பது புரிந்தது. நடுத்தெருவில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.