கோடையில் ஏறிய கிணறு

ஊரிகத்தில் தங்கச் சுரங்கத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் முடிச்சுக் கயிறு விட்டு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. நாலாம் வகுப்போடு ஓடிவந்தவனுக்கு அது கிடைத்ததே பெரிது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஒரு கடுங்கோடையில், தங்கம் பிரித்தபின் மிஞ்சும் மருந்து கலந்த மண்ணைக் கொட்டும் மேட்டுக்குக் கீழே இருந்த கிணறு மட்டும் ஒரு முழம் ஏறியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டுக் குப்பம்மா காலிக் குடத்தோடு எதிரே வந்தாள்.

"இன்னாண்ணா, ஒரே சிரிப்பு?"

"இந்தக் கெணத்துல தண்ணி ஏறிக்கீது. இனிமே நீ இன்னாத்துக்கு ஒரு மைல் நடக்குற?"

அந்தத் தண்ணீரைக் குடித்த அவளுடைய ஆடு மத்தியானத்துக்குள் செத்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு வயது மகளும் போய்விட்டாள். மேட்டிலிருந்து கசிந்த மருந்துத் தண்ணீர்தான் கிணற்றை ஏற்றியிருக்கிறது. மேஸ்திரி வந்து கயிறு விட்டுப் பார்த்து, "உன் அளவு சரிதான்" என்றார்.

குப்பம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க குடிச்சுப் பாத்தீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

தாகமில்லை, அதனால் குடிக்கவில்லை என்றேன். அது உண்மைதான். அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் பிழைத்துவிட்டேன். அதைவிடக் கேவலமான உண்மையை யாரிடமும் சொன்னதில்லை.