கழுவி வெச்ச சில்லுங்க

ஆரணியில ஊர் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற பிளான்ட்ல நான் ஆபரேட்டர். "சாக்கடையிலயாம்மா வேலை?"ன்னு மூக்கைச் சுளிக்கிறவங்க இருக்காங்க. சுளிக்கட்டும். அவங்க வூட்டு கக்கூஸ் தண்ணியும் எங்கிட்டதான் வந்தாவணும்.

எங்க தொட்டிக்குள்ள சின்னச் சின்ன பிளாஸ்டிக் சில்லுங்க காத்து அழுத்தத்துல சுத்திகினே இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் பழுப்பா, கொழகொழன்னு ஒரு படலம். பார்க்கத்தான் அழுக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அதுல ஒட்டிகினு, தண்ணியில இருக்கிற அம்மோனியாவைத் தின்னுகினு இருக்குதுங்க. அந்தப் படலம் புடிக்கவே மாசக்கணக்கா ஆவும். புள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தேன்.

சுத்தமான தண்ணி பக்கத்து ஏரிக்குப் போவுது. அந்த ஏரியை எங்க அண்ணன் குத்தகைக்கு எடுத்து மீன்குஞ்சு வுட்டிருந்துச்சு. அண்ணிக்கு இஷ்டமே இல்ல. "என் தங்கச்சி பார்த்துக்கிற தண்ணி, ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லிட்டு அண்ணன் எறங்கிடுச்சு.

ஆயுத பூஜை சமயத்துல காத்துக் குழாய் ரிப்பேர். ஊர்த் தண்ணியைக் கொஞ்ச நாளைக்குச் சேமிப்புத் தொட்டியில தேக்கிட்டு, எங்க தொட்டியைக் காலி பண்ணி, சில்லுங்களை வெளிய கொட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடினோம். "காய வுடாதீங்க, தண்ணி தெளிச்சிகினே இருங்க"ன்னு கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு, பூஜைக்கு மாமியார் ஊரு படவேட்டுக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்தா, வாசல்ல மாவிலைத் தோரணம். பம்புக்குச் சந்தனப் பொட்டு. ரிப்பேர் முடிஞ்சு தொட்டி ஓடிகினு இருக்குது. உள்ள எட்டிப் பார்த்தேன். சில்லுங்க அத்தனையும் வெள்ளை வெளேர்னு சுத்துது.

"அக்கா, யாரு இதைக் கழுவினது?"

கூட வேலை செய்யற அக்கா சிரிச்ச முகமா வந்தாங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி பட்டுநூல் காய்ச்சற எடத்துல இருந்தவங்க. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி, பசை போற வரைக்கும் அலசணும், அப்பதான் நூலுக்கு மினுக்கு வரும். அந்தக் கை சும்மா இருக்குமா?

"பூஜை அன்னிக்கு அழுக்கோட வெப்பாங்களா? பிளீச்சிங் பவுடர் போட்டு, எல்லாருமா கை தேயத் தேய்ச்சோம்"னாங்க.

"ஐயையோ, எல்லாத்தையும் கொன்னுட்டீங்களேக்கா!"

விஷயத்தைச் சொன்னதும் அவங்க முகம் செத்துப் போச்சு. தறி வூட்டுல பொறந்தவங்க. பூஜைக்குத் தறியைத் துடைக்காம வுட்டா ஏச்சு வாங்கி வளர்ந்தவங்க. அவங்களைத் திட்டறதுல நியாயமே இல்ல. இருந்தும் திட்டினேன். என் வாய் அப்படி.

என்ஜினீயருக்கு போன் போட்டேன். வேற ஊர் பிளான்ட்லேர்ந்து படலம் புடிச்ச சில்லு கொஞ்சம் அனுப்பறேன், அதுலேர்ந்து மத்ததுக்கும் பரவும், ஆனா நாளாவும்னார். அதுவரைக்கும் தண்ணியை நிறுத்த முடியுமா? ஊரு குளிக்காம இருக்குமா, பாத்திரம் கழுவாம இருக்குமா? சேமிப்புத் தொட்டியும் ஏற்கெனவே ரொம்பிடுச்சு, வேற பக்கம் திருப்பவும் வழியில்ல. பெரிய பேஜாராப் போச்சு.

ஏரிக்குப் போற தண்ணி என்னமோ கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு. மீனுக்கு வெசமான அம்மோனியா கண்ணுக்கா தெரியும்? அண்ணனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மழையும் எறங்கல, ஏரியில தண்ணி கம்மி. மறுநாள் காலையிலயே அதுகிட்டேர்ந்து போன்.

"மீனுங்க எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகினு நிக்குதும்மா. செத்து மெதந்தா பூனைகூடத் தொடாது. வலையைப் போட்டுடறேன்."

நானும் அக்காவும் ஓடினோம். அக்கா பொடவையைத் தூக்கிச் செருகிகினு, யாரும் கூப்பிடாமலே தண்ணியில எறங்கி வலையைப் புடிச்சாங்க. வந்ததெல்லாம் கையளவுகூட வளராத மீனு. இதை மார்க்கெட்ல எவன் எடுத்துப்பான்? பொங்கல் வரைக்கும் வுட்டிருந்தா ஒவ்வொண்ணும் தட்டு நிறைக்கும்.

அண்ணன் அக்காவை ஒரு வார்த்தை சொல்லல. என்னையும் சொல்லல. திட்டிட்டாக்கூட தேவலைன்னு இருந்துச்சு எனக்கு. துள்ளற மீனைக் கூடையில அள்ளிகினே, என் மொகத்தைப் பார்க்காம கேட்டுச்சு.

"இதுக்காவ உன்ன வேலையை வுட்டுத் தூக்கிடுவாங்களாம்மா?"

கரையிலயே குந்திகினு ஓன்னு அழுதுட்டேன்.