சாக்குக்குள் இருந்த கல்

கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் மலைச்சாலையை அகலப்படுத்த ஒரு பாறைக்கு வெடி வைத்தோம். கல் பறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வெடிக்குழிகளின் மேல் பழைய டயர்களைப் பிணைத்துப் போட்டு, அவற்றின் மேல் மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும்.

அன்று அடிவாரத்திலிருந்து மணல் லாரி வரவில்லை. ஆட்கள் காபிச் சாக்குகளில் மலைமண்ணை அள்ளி நிரப்பிவிட்டார்கள். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன். உள்ளே கைமுட்டி அளவுக்குக் கற்கள்! கல்லை அடக்கப் போட்ட மூட்டையே யார் மண்டையையாவது பிளந்திருக்கும். தொண்டை கட்டும்வரை கத்தினேன். பக்கத்துக் காபி எஸ்டேட்டிலிருந்து சல்லடை வாங்கிவந்து அத்தனை மண்ணையும் சலித்து, மறுபடி கட்டி அடுக்கினோம்.

தூரத்தில் சிவப்புக் கொடிக்கு அப்பால் மாரமங்கலம் பஸ் காத்து நின்றது. அங்கே போய் நின்று, வெடிக்காரருக்குச் சைகை கொடுக்க விசிலை வாயில் வைத்தேன். நாங்கள் சலித்ததை ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏனுங்க, சலிச்ச கல்லையெல்லாம் எங்கீங்க கொட்டுனீங்க?"

திக்கென்றது. பாறையின் காலடியிலேயே குவித்து வைத்திருந்தோம்! வெடிக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். கூடை கூடையாக அள்ளி அப்புறப்படுத்தினோம்.

பிறகுதான் கொடிக்குத் திரும்பி வந்து விசில் அடித்தேன். தரை ஒரு தரம் உதறியது. மூட்டைகள் ஒரு சாண் எழும்பி, அப்படியே உட்கார்ந்தன. ஒரு சில்லுகூடப் பறக்கவில்லை.

"இவ்வளவுதானுங்களா? இதுக்கா நொம்ப நேரமா பஸ்ஸ நிறுத்தி வச்சீங்க?" என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் நடுரோட்டில் குதிக்கலாம் போலிருந்தது.